மூன்று டிகிரி வால்வு

ஹும்போலெட்ஸ் ஊரில் யார் வீட்டுக் குளியலறையிலாவது வெந்நீர் வருகிறது என்றால் அதில் லூபோஷ் ஹவெல்காவின் கை இருக்கும். நகராட்சிக் கொதிகலன் கூடத்தில் முப்பத்துநாலு வருடம் வேலை பார்த்தவன். பதினோரு அடுக்குமாடிக் கட்டடங்கள், இரண்டு பள்ளிக்கூடங்கள், ஒரு நீச்சல் குளம். எந்தக் குழாய் எந்தச் சுவருக்குள் ஓடுகிறது என்பது கட்டியவர்களுக்கே மறந்த பிறகும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. ஓய்வு பெற்ற நாளில் சுவர்க் கடிகாரம் ஒன்று கொடுத்தார்கள். இரண்டே வாரத்தில் அது நின்றது. அவன் பிரித்துச் சரி செய்தான். இப்போது எப்போதும் பதினைந்து நிமிடம் முன்னால் ஓடுகிறது. அதை நம்பிப் பேருந்துக்குப் போகிறவர்களுக்கு உட்கார இடம் கிடைக்கும் என்பான்.

எங்கள் ஆட்கள் எதையும் பிரிக்காமல் விடமாட்டார்கள். சாமானோடு வரும் கையேடு அடுப்புப் பற்றவைக்கத்தான் பயன்படும். செக் நாட்டுக்காரன் கை தங்கக் கை என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வெளியார் யாரும் அப்படிச் சொன்னதாகத் தகவல் இல்லை.

லூபோஷின் மனைவி க்வேதாவுக்கு அவள் அப்பா விட்டுப்போன மரக்குடில் ஒன்று இருந்தது. ஊரிலிருந்து நாற்பது நிமிடத்தில், ஒரு குளத்தின் கரையில். வெள்ளிக்கிழமை மதியமானால் எங்கள் நாட்டில் பாதிப் பேர் குடிலுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஓய்வெடுக்க என்று பெயர். போய் இறங்கியதும் ஏணியை எடுப்பார்கள். இருபத்தேழு வருடச் சனிக்கிழமைகளை லூபோஷ் அந்தக் கூரையின் மேல் கழித்திருந்தான். ஒரு பக்கத்தை முடித்து இறங்கும்போது மறுபக்கம் ஒழுகத் தொடங்கியிருக்கும். அறுபத்தொரு வயதில் முழங்கால் இரண்டும் ஏணியைப் பார்த்ததும் பேச ஆரம்பித்தன.

குடிலை விற்று ஒரு கேம்பர் வேன் வாங்க வேண்டும் என்பது அவன் ஆசை. படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. நினைத்த இடத்தில் நிறுத்தலாம். சக்கரம் வைத்த வீட்டின் கூரையில் ஏறச் சொல்லி யாரும் கேட்க மாட்டார்கள்.

க்வேதாவுக்கு அந்த ஆசை இல்லை. எட்டு வருடம் அவள் ஆஸ்திரியாவில் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய்வந்தாள். இரண்டு வாரம் அங்கே, இரண்டு வாரம் இங்கே. யார் யாருடைய அம்மாவையோ குளிப்பாட்டி, தலை வாரி, மாத்திரை கொடுத்து, அவர்கள் தூங்கிய பிறகு அடுத்த அறையில் சின்னக் கட்டிலில் படுத்தாள். அவள் பெட்டி எப்போதும் கதவுக்குப் பின்னால் தயாராக நின்றது. வேலையை விட்ட வாரம் அதைக் குடிலின் அலமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டாள். ஊர் சுற்றுவது என்றால் அவளுக்கு அந்தப் பெட்டிதான்.

மூன்று வருடம் இதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். கடைசியில் க்வேதாவே ஒரு வழி சொன்னாள்.

"கோடையில எந்தக் கழுதை வேணும்னாலும் வேன்ல தூங்கும். பிப்ரவரியில தூங்கிக் காட்டு. வாடகைக்கு எடு. பத்து நாள்."

"பத்து நாள் எனக்கு ஜுஜுபி."

"நானும் வரேன். யார் முதல்ல 'வீட்டுக்குப் போகலாம்'னு வாயைத் திறக்கறாங்களோ அவங்க தோத்தாங்க. நான் சொன்னா குடிலை வித்துக்க, கையெழுத்துப் போடறேன். நீ சொன்னா, வாயை மூடிக்கிட்டுக் கூரைல ஏறணும். அப்புறம் சாகற வரைக்கும் வேன்ங்கற வார்த்தையே எடுக்கக் கூடாது."

"ரெண்டு பேருமே சொல்லலைன்னா?"

க்வேதா கொஞ்சம் யோசித்தாள். "பத்து நாள் முடிஞ்சா அப்பவும் நீ ஜெயிச்சதுதான். போ."

லூபோஷ் உடனே கை நீட்டினான். பிப்ரவரியில் வாடகை பாதி என்பது வேறு. உலகத்தில் எந்த வெப்பக் கோளாறும் தன்னை ஒன்றும் செய்யாது என்ற நம்பிக்கை வேறு.

வேன் வாடகைக்காரர் ஸ்பினெக்குக்கு நாற்பது வயதிருக்கும். பொறுமைசாலி. பெஞ்சுக்கு அடியில் டார்ச் அடித்து ஒரு நீலக் குமிழைக் காட்டினார்.

"இதை மட்டும் தொடாதீங்க சார். குளிர் மூணு டிகிரிக்குக் கீழ போச்சுன்னா இந்த வால்வு தானா திறந்துக்கும். பாய்லர்ல, தொட்டியில இருக்கற தண்ணியையெல்லாம் ரோட்ல கொட்டிடும். பாய்லர் உறைஞ்சு வெடிக்காம இருக்கத்தான் இந்த ஏற்பாடு. எல்லாம் இந்த ஃபைல்ல இருக்கு. படிச்சுப் பாத்துடுங்க."

கொல்லன் தெருவிலேயே ஊசி விற்கிறான் என்று லூபோஷ் நினைத்துக்கொண்டான். ஃபைலை வாங்கி, ஜன்னல் ஆடாமல் இருக்க இடுக்கில் செருகினான்.

சாப்பாட்டுச் செலவு என்ற பேச்சே இல்லை. க்வேதா இரண்டு நாளாகச் சமைத்திருந்தாள். ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பன்றிக்கறித் துண்டுகள் நாற்பது. வெளிநாட்டில் பசித்தால் அங்கேயே வாங்கிச் சாப்பிடலாம் என்பதை எங்கள் ஆட்கள் இன்னும் முழுதாக நம்பவில்லை. கறித்துண்டோடு ஊறுகாய் வெள்ளரி, டப்பா இறைச்சி, வேகவைத்த மாவு உருண்டைகள், நாற்பது தேநீர்ப் பை. சால்ஸ்பர்க்கைத் தாண்டும்போதே ஒன்பது துண்டுகள் காலி.

திட்டம் இதுதான். ஆஸ்திரிய மலைகளில் மூன்று நாள், பிறகு ஸ்லொவேனியா வழியாகக் கடல். வேன்களுக்கான முகாம் இடங்களில் தங்கினால் காசு. ஆகவே உறைந்த ஏரி ஒன்றின் ஓரமாகக் கார் நிறுத்துமிடத்தில் முதல் இரவு. காலையில் லூபோஷ் முகம் கழுவக் குழாயைத் திறந்தான். காற்று வந்தது. இறங்கிப் பார்த்தால் வேனுக்கு அடியில் மொத்தத் தண்ணீரும் வழவழவென்று பனிக்கட்டியாகக் கிடந்தது. க்வேதா அதில் கால் வைத்து, கதவைப் பிடித்துத் தொங்கி, தப்பித்தாள்.

"சறுக்கு மைதானமும் வாடகையில சேர்த்தியா?" என்று கேட்டாள். வார்த்தைகளை இருவரும் அளந்துதான் பேசினார்கள். எது எங்கே போய் முடியும் என்று தெரியாதே.

பெட்ரோல் நிலையத்தில் பூவாளியால் முப்பது நடை நடந்து தொட்டியை நிரப்பினான். மறுநாள் காலையும் காற்றுதான் வந்தது. வேனுக்கு அடியில் இரண்டாவது மைதானம்.

லூபோஷுக்குக் கோபம் தண்ணீர் போனதற்காக இல்லை. முப்பத்துநாலு வருடத்தில் எந்த வால்வும் அவனைக் கேட்காமல் திறந்ததில்லை. மூன்றாம் நாள் மறுபடி தொட்டியை நிரப்பிவிட்டு, மாலையில் அவன் பெஞ்சுக்கு அடியில் தலையைக் கொடுத்துப் படுத்தான். குமிழை இழுத்துப் பிடித்து, அதன் கழுத்தில் ஒரு துணிக் கிளிப்பை மாட்டினான். கனகச்சிதமாக உட்கார்ந்தது. அந்தக் குமிழைச் செய்தவனே துணிக் கிளிப்பை அளந்துவிட்டுத்தான் செய்திருப்பான் போல.

"நான் பன்னெண்டு கிளிப் கொண்டுவந்தேனே," என்றாள் க்வேதா, ஈரக் காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு.

"பதினொண்ணுதான் வந்திருக்கும்."

"பன்னெண்டு, லூபோஷ்."

"கிளிப்பை எண்ணிக்கிட்டா ஊர் சுத்த வருவாங்க? மலையைப் பாரு."

இரண்டு கேஸ் சிலிண்டரில் ஒன்று அதற்குள் தீர்ந்திருந்தது. படுக்கும்போது, மிச்சத்தைக் காப்பாற்ற, லூபோஷ் ஹீட்டரை அணைத்தான். இரண்டு போர்வை இருக்கிறது, இரண்டு உடம்பு இருக்கிறது என்று காரணமும் சொன்னான். இந்தக் கதையை இப்போது பீர்க்கடையில் அவனே சொல்கிறான். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் அன்றைய குளிர் இரண்டு டிகிரி இறங்குகிறது. நிஜத்தில் மைனஸ் பதினாலு.

நாலாம் நாள் காலை குழாயில் காற்றுகூட வரவில்லை.

"ஓய்வெடுக்குது," என்றான் லூபோஷ்.

ஹீட்டரைப் போட்டான். சூடு வந்தது. தன் கையைத் தானே குலுக்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து, தேநீர் குடித்துக்கொண்டிருந்த க்வேதா மெதுவாக இரண்டு கால்களையும் தூக்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"தண்ணி வருது."

"நல்லதுதானே. இவ்வளவு நேரம் வரலன்னு பாத்தே."

"குழாயில இல்ல."

பாய்லர் பிளந்திருந்தது. உள்ளே கட்டியாக நின்றது உருகி, பெஞ்சுக்கு அடியிலிருந்து தரையில் பரவி, கறித்துண்டு டப்பாவைச் சுற்றிக்கொண்டு கதவைத் தேடிப் போனது. ஹீட்டர் இரண்டு முறை இருமியது. ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அதன் பிறகு அது எதற்கும் அசையவில்லை. லூபோஷ் தட்டினான், கெஞ்சினான், இரண்டு திருகுகளைக் கழற்றினான். போடும்போது ஒரு திருகு மிஞ்சியது. அதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

"வால்வுல கோளாறு," என்றான். "தயாரிப்பே சரியில்ல."

"அப்படியா," என்றாள் க்வேதா.

பள்ளத்தாக்கின் கீழே இருந்த முகாமுக்குப் போனார்கள். பக்கத்து வேன்காரரிடம் சின்ன மின் ஹீட்டர் ஒன்றை இரவல் வாங்கி லூபோஷ் செருகினான். ஃபியூஸ் போய், அந்த வரிசையில் ஆறு வேன்களின் காபி மெஷின்கள் ஒரே நேரத்தில் நின்றன. ஆறு கதவுகள் திறந்தன. அவன் ஹீட்டரைத் துடைத்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தான்.

முகாமில் பாத்திரம் கழுவும் கூடம் ஒன்று இருந்தது. நாலு தொட்டி, ஒரு மேசை, ஜன்னலுக்குக் கீழே பெரிய ரேடியேட்டர். அடுத்த இரண்டு நாள் பகல் முழுவதும் கணவனும் மனைவியும் அங்கே குடியிருந்தார்கள். சீட்டு விளையாடினார்கள். யாராவது பாத்திரத்தோடு வந்தால் இவர்களும் எழுந்து ஒரு தட்டைக் கழுவினார்கள். அந்தத் தட்டு அவ்வளவு சுத்தமாக என்றைக்கும் இருந்ததில்லை.

"இங்கிருந்து மலை நல்லாத் தெரியுது," என்பான் லூபோஷ். ஜன்னலில் நீராவி படிந்து ஒன்றும் தெரியாது.

"ரொம்ப நல்லாத் தெரியுது," என்பாள் க்வேதா. உள்ளேயும் கம்பளித் தொப்பியைக் கழற்ற மாட்டாள். இருமல் வந்தால் சீட்டைக் கீழே வைத்துவிட்டு, தொட்டிப் பக்கம் திரும்பி இருமிவிட்டு வருவாள். "தூசி," என்பாள்.

பர்துபித்செ ஊர்க்காரர் ஒருவர் வாணலியோடு வந்தார். மேசையில் இருந்த கறித்துண்டு டப்பாவைப் பார்த்ததுமே செக் மொழியில் பேச ஆரம்பித்தார்.

"நம்ம ஊரா? எத்தனை மிச்சம் இருக்கு?"

"பதினாலு."

"எங்ககிட்ட இருபது. மாமியாரும் கொடுத்து அனுப்பிட்டாங்க. வேன்ல சூடு எப்படி?"

"அருமை," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். இருவருமே மேலங்கியும் கையுறையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வாணலியைக் கழுவினார்.

லூபோஷ் கணக்குப் போட்டான். ஆறாம் நாள் விடிந்தாயிற்று. இன்னும் நாலு நாள். இந்தக் கூடத்திலேயே உட்கார்ந்து ஓட்டிவிடலாம். கடல் வேண்டாம், ஸ்லொவேனியா வேண்டாம். நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் குடில் போயிற்று, ஏணி போயிற்று.

முகாம்காரர்கள் சொல்லி அனுப்பியதில் அன்று முற்பகல் பூர்கி வந்தாள். பள்ளத்தாக்கில் ஹீட்டர் வேலைக்கு அவள்தான். ஐம்பது வயது, அகலமான தோள், பெல்ட்டில் ஏழெட்டுக் கருவிகள். லூபோஷுக்கு நாற்பது ஜெர்மன் வார்த்தை தெரியும். பாதி குழாய்ப் பாகங்களின் பெயர்கள். மிச்சத்துக்கு க்வேதா இருந்தாள்.

பூர்கி பெஞ்சுக்கு அடியில் படுத்தாள். டார்ச் எரிந்தது. உள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. பிறகு அவள் வெளியே வந்தாள், இரண்டு விரலுக்கு நடுவே துணிக் கிளிப்.

"இந்தக் குளிர்காலத்துல எனக்கு இது மூணாவது," என்றாள். கதவு வழியாக நம்பர் பலகையை எட்டிப் பார்த்தாள். "ஆமா. அதே நாடுதான். ஜெர்மன்காரங்க புத்தகத்தைப் படிச்சிட்டு எனக்கு போன் பண்ணுவாங்க. ஹாலந்துக்காரங்க குளிர்ல வரவே மாட்டாங்க. கிளிப் மாட்டறது உங்க ஆளுங்க மட்டும்தான். போன வருஷம் ஒருத்தர் ஒயின் கார்க்கைச் செதுக்கி வச்சிருந்தார். அவ்வளவு அழகு, எடுக்கவே மனசு வரல."

க்வேதா கிளிப்பைப் பார்த்தாள். லூபோஷைப் பார்க்கவில்லை.

பூர்கி நல்லவள். விருந்தாளிக்குப் புரியாமல் போகக் கூடாது என்று லூபோஷ் பக்கம் திரும்பி, கையைக் காட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "தண்ணி. குளிர். தண்ணி உறையும். உறைஞ்சா பெருசாகும். பெருசானா..." இரண்டு கைகளையும் விரித்தாள். "படார்."

முப்பத்துநாலு வருடம் வேலைக்குச் சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் முதல் நாள் லூபோஷ் சொல்லிக்கொடுத்த பாடம். இதே கைகள், இதே படார். அவன் தலையாட்டினான். கடைசி பெஞ்சு மாணவனைப் போல, கொஞ்சம் அதிகமாகவே ஆட்டினான்.

பூர்கி க்வேதாவிடம் கேட்டாள், "உங்க வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?"

ஹீட்டரின் சிவப்பு விளக்கையே லூபோஷ் பார்த்துக்கொண்டு நின்றான். பதில் ஒரே ஒரு வார்த்தை. இன்று சாயங்காலத்துக்குள் பள்ளத்தாக்கு முழுவதும் சிரிக்கும். அவனே வேறொருவனுக்கு நடந்திருந்தால் ஒரு வாரம் சிரித்திருப்பான்.

"மன்னிச்சுக்கோங்க," என்றாள் க்வேதா. "இவருக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்க. பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாருங்க. உங்களுக்கு வீண் சிரமம் கொடுத்துட்டோம்."

பாட்டு, வாத்தியார் இரண்டும் அவனுடைய நாற்பது வார்த்தைக்குள் இருந்தன. ஆனால் அவனைத் தொட்டது வார்த்தை இல்லை. அந்தக் குரல். அது அவனுக்குத் தெரியும். அவள் வேலைக்குப் போன வருடங்களில், வீட்டுக்கு வந்திருக்கும் இரண்டு வாரத்திலும் சில நாள் ஆஸ்திரியாவிலிருந்து போன் வரும். அப்போது சமையலறையிலிருந்து இந்தக் குரல் கேட்கும். மெல்லிசாக, இனிப்பாக, எதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு. போனை வைத்ததும் மறுபடி க்வேதாவின் குரல் வந்துவிடும். குரலை மட்டும்தான் அவன் கேட்டிருந்தான். அப்போது அவள் நிற்கும் விதத்தை இன்றுதான் பார்த்தான். தோள் இரண்டும் முன்னால் வந்து, தலை ஒரு பக்கம் சாய்ந்து, அவள் பாதி ஆளாகியிருந்தாள். எட்டு வருடம் இப்படி நின்றிருக்கிறாள். இனி வேண்டாம் என்று பெட்டியை மேலே ஏற்றியவளை, ஒரு கிளிப்புக்காக இங்கே கொண்டுவந்து மறுபடி நிற்க வைத்தாயிற்று.

"பாகம் வியாழக்கிழமை வரும்," என்றாள் பூர்கி. "அதுவரைக்கும் வண்டி ஓட்டலாம். ஓடும்போது இன்ஜின் சூடு முன்னால வரும். நிறுத்தினா குளிர்தான்." லூபோஷின் கையைக் குலுக்கினாள். "வாத்தியார் பாட்டோட நிறுத்திக்கணும்," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அவள் போனதும் க்வேதாவின் தோள் பின்னால் போனது. ஆள் முழுதானாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் பாத்திரக் கூடத்துலயே இருந்துடலாம்," என்றாள். "எனக்கென்ன, சௌகரியமாத்தான் இருக்கு." திரும்பி இருமினாள்.

"வீட்டுக்குப் போகலாம்," என்றான் லூபோஷ்.

"என்ன?"

"வீட்டுக்குப் போகலாம்னேன்."

"எனக்குச் சரியாக் காதுல விழல. காத்து அடிக்குது."

வெளியே ஒரு கிளைகூட அசையவில்லை.

"இன்னும் நாலு நாள்தான் இருக்கு, லூபோஷ். யோசிச்சுப் பேசு. என் மேல பாவப்பட்டுச் சொல்றதா இருந்தா செல்லாது. அதுக்கு நான் ஆள் இல்ல."

"உன் மேல இல்ல. என் மேல பாவப்பட்டுத்தான் சொல்றேன். எனக்குக் குளிருது, க்வேதா. முதல் நாள்லேருந்து குளிருது. கால் விரல் இருக்கா இல்லையான்னு ரெண்டு நாளாத் தெரியல. வீட்டுக்குப் போகலாம். மூணு தடவை ஆச்சு. போதுமா?"

க்வேதா மடக்கு மேசையை மடக்கிச் சுவரில் மாட்டினாள்.

"கூரையில வடக்குப் பக்கம்தான் முதல்ல," என்றாள்.

இன்ஜின் சூடு முழங்காலுக்கு வந்து சேர அரை மணி ஆயிற்று. சால்ஸ்பர்க் தாண்டியதும் க்வேதா தொப்பியைக் கழற்றினாள். தலைமுடி ஒரு பக்கமாகப் படிந்து, குளிப்பாட்டிவிட்ட கோழி மாதிரி இருந்தது. லூபோஷ் அதைச் சொல்லவில்லை. தோற்றவன் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று இன்னும் பழகவில்லை.

ஸ்பினெக்கிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தான். வால்வுக் கோளாறு என்று சொல்ல முடியாது. க்வேதா பக்கத்தில் நிற்பாள். ஒரு வருடத்துக்கு ஒரு பாட்டு வாத்தியார் பொய் போதும். நடந்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான். ஹும்போலெட்ஸ் முழுவதும் அது மறுநாள் காலைக்குள் பரவிவிடும். தான் முதலில் சொல்லிவிட்டால் கொஞ்சம் நன்றாகவாவது சொல்லலாம்.

லின்ஸுக்கு முன்னால் சாலையோரக் கடை ஒன்று வந்தது. க்வேதா, "நிறுத்து," என்றாள். உள்ளே போய் உட்கார்ந்தார்கள். இந்த ஆறு நாளில் காசு கொடுத்து எதுவும் சாப்பிடவில்லை. வண்டியில் இன்னும் பதினொரு கறித்துண்டுகள் இருந்தன. லூபோஷ் இரண்டு காபியும் பாலேடு போட்ட ஆப்பிள் கேக் ஒன்றும் வாங்கிவந்தான். விலைப் பட்டியலைப் பார்க்காமல் வாங்கினான். பார்த்திருந்தால் ஒரு காபிதான் வாங்கியிருப்பான்.

காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் கேட்டான்:

"நிஜமாச் சொல்லு. வியாழக்கிழமை வரைக்கும் தாங்கியிருப்பியா?"

க்வேதா கேக்கைச் சரிபாதியாக வெட்டினாள். தன் பாதியை நிதானமாகச் சாப்பிட்டாள். தட்டில் விழுந்த துணுக்குகளை விரலால் ஒற்றி எடுத்தாள். வெளியே லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"உன் பாதியைச் சாப்பிடப் போறியா, இல்லையா?" என்றாள்.